பிந்தி வரும் குரல்

சாம்பியன் ரீப்ஸ்
ஞாயிறு, 4 ஜூன் 2023

அன்புள்ள அன்புச்செல்விக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நலம். நீயும் அனிலும் நலமாக இருக்க வேண்டும். இதை நாளைக் காலை ரயிலுக்குப் போகும் ராஜ்குமாரிடம் கொடுத்தனுப்புகிறேன். கிருஷ்ணராஜபுரத்தில் அவர் ரயில் நிற்கும்போது நீ பிளாட்பாரத்தில் இருக்க வேண்டும். பாக்டரிக்கு ஓடுகிற மனிதர், உனக்காகக் காத்திருக்க மாட்டார். போன முறை நீ அனுப்பிய காகிதத்தில் சாம்பார்க் கறை இருந்தது. அவர் டிபன் கேரியரின் மூடி சரியில்லை. இனிமேல் கவரில் போட்டு ஒட்டிக் கொடு.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நீ கத்துகிறாய். கத்துகிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கேபிள்காரர் பெருமாள் போன மாதம் வந்து புது செட்டாப் பாக்ஸ் வைத்தார். கிறிஸ்துமசுக்கு நீ வாங்கி வந்த நீளமான சவுண்ட் பாரையும் அதோடு இணைத்துவிட்டுப் போனார். அன்று முதல் டிவியில் ஒரு வார்த்தை எனக்குப் புரிவதில்லை. சத்தம் இல்லை என்று சொல்லவில்லை. வேண்டிய அளவு இருக்கிறது. ஆனால் செய்தி வாசிக்கிற பெண் வாயை மூடின பிறகு அவள் குரல் வந்து சேர்கிறது. வாய் ஒன்று சொல்கிறது, பேச்சு வேறொன்று சொல்கிறது. உட்கார்ந்து பார்த்தால் தலைவலிதான் மிச்சம்.

இதைச் சொன்னால் நீ என் காதைக் குறை சொல்கிறாய். மே மாதம் ஒரு நாள் முழுவதும் நான் போனை எடுக்கவில்லை என்று ஆபீசை விட்டு ரயிலேறி வந்து, சமையலறையில் என்னைப் பார்த்ததும் அழுதாய். போன் பீரோவுக்குள் துணிக்கு நடுவில் இருந்தது. எந்தக் காதுக்கும் கேட்டிருக்காது. ஆனால் அன்றிலிருந்து “பெங்களூர் வந்துவிடுங்கள், ரூம் தயாராக இருக்கிறது” என்பதைத் தவிர உன்னிடமிருந்து வேறு பேச்சு இல்லை.

ஒரு ஒப்பந்தம் செய்துகொள்வோம். ஆபீசில் ஆடிட் நடப்பதால் ஜூலை பாதி வரை வர முடியாது என்றாய். வர வேண்டாம். இந்த செட்டிங்குகள் உனக்குத் தெரியும். என்ன செய்ய வேண்டும் என்று எழுது, நானே செய்கிறேன். டிவி சரியாகிவிட்டால் குற்றம் பாக்சினுடையது. நான் இந்த வீட்டிலேயே இருப்பேன், நீ அந்தப் பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது. சரியாகாவிட்டால் குற்றம் என் காதினுடையது. நீ சொல்கிற நாளில் சாமான் கட்டிக்கொண்டு வருகிறேன். நான் சொன்ன சொல் மாறியதில்லை என்று உனக்குத் தெரியும்.

உன் அம்மா,
வினோலியா ராஜப்பா


கிருஷ்ணராஜபுரம்
6 ஜூன் 2023

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ராஜ்குமார் அண்ணன் இறங்காமலே ஜன்னல் வழியாக நீட்டினார். கவரில் போட்டு ஒட்டியிருக்கிறேன், பாருங்கள்.

கத்தியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மெதுவாகப் பேசினால் நீங்கள் மூன்று முறை “ஆங்?” என்கிறீர்கள், பிறகு நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறீர்கள். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்டரில் என் எதிரே நாலு பேர் சண்டைக்கு நிற்பார்கள். எனக்கும் பொறுமை தேய்ந்துகொண்டு வருகிறது.

ஒப்பந்தத்துக்குச் சம்மதம். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களை அதிகாரம் செய்வதற்காக நான் கூப்பிடவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் நீங்கள் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான். போன் எடுக்காத அந்த நாளில் ரயிலில் நின்றுகொண்டு வந்தேனே, அப்படி இன்னொரு தடவை வர எனக்கு உடம்பில் பலம் இல்லை.

இனி செட்டிங். பாக்ஸோடு வந்த ரிமோட்டில் மெனுவை அமுக்குங்கள். செட்டிங்ஸ் என்று வரும். அதற்குள் சவுண்ட், அதற்குள் டிஜிட்டல் ஆடியோ அவுட்புட். இப்போது அங்கே சரவுண்ட் என்று வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் பாக்ஸ் ஒலியை மூட்டை கட்டி அனுப்பும். சவுண்ட் பார் அதை அவிழ்த்து முடிப்பதற்குள் படம் முன்னே போய்விடும். அதைப் பி.சி.எம். என்று மாற்றி ஓகே கொடுங்கள். பிறகு மூட்டை கட்டாமல் நேராக அனுப்பும். பக்கத்தில் மொழி என்று ஒன்று இருக்கும். அதைத் தொட்டுவிடாதீர்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
அன்பு


சாம்பியன் ரீப்ஸ்
ஞாயிறு, 11 ஜூன் 2023

அன்புள்ள அன்புவுக்கு,

நீ எழுதியபடியே செய்தேன். நீ சொன்ன இடத்தில் சரவுண்ட் என்றுதான் இருந்தது. பி.சி.எம். என்று மாற்றியதும் சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுப் பாப்பம்மா அலறிவிட்டாள். “அக்கா, உட்டுடுங்கக்கா, சீரியல் பூடும்.” கொஞ்சம் பொறு என்றேன். சத்தம் தானே திரும்பி வந்தது.

பாப்பம்மா தினமும் சாயங்காலம் இங்கே வந்துதான் அந்த சீரியலைப் பார்க்கிறாள். டப்பிங் சீரியல். எனக்கு ஆகாது. அதில் எல்லோரும் ஒரு மொழியில் வாயசைத்து வேறொரு மொழியில் பேசுகிறார்கள். நேர்மையில்லாத வேலை என்று சொல்வேன். அவளுக்காகச் சகித்துக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருப்பேன்.

பி.சி.எம். வைத்த பிறகு தாமதம் குறைந்தது. போகவில்லை. ஆகவே பெருமாளை வரவழைத்தேன். அவர் வந்து, ரிமோட்டை வாங்கி, சவுண்டை ஏற்றிவிட்டு, “இன்னாமா, சூப்பரா கீதே, இதுல இன்னா கம்ப்ளெயின்ட்?” என்று கேட்டார். வாயைப் பாருங்கள் என்றேன். பார்த்தார். பாப்பம்மாவைப் பார்த்தார். அவள் அவர் பக்கம் சேர்ந்துகொண்டு, “நல்லாதான் கேக்குதுக்கா” என்றாள். எனக்குக் கோபம் வந்ததைப் பார்த்து அவர் மெனுவுக்குள் போய் ஆடியோ டிலே என்ற இடத்தில் எதையோ அமுக்கிவிட்டுப் புறப்பட்டுப்போனார். டிலே என்றால் தாமதம். தாமதம் வேண்டாம் என்று கூப்பிட்ட வீட்டில் தாமதத்தைக் கூட்டிவிட்டுப் போகிற மனிதரை நான் பார்த்ததில்லை. இப்போது வானிலைப் படம் வந்த பிறகு விபத்துச் செய்தி கேட்கிறது.

அலுப்பாக இருக்கிறது, அன்பு. காலையில் பேப்பர் படித்து முடித்தால் பிறகு பொழுது முழுவதும் கிடக்கிறது. மாலையில் செய்தி ஒன்றுதான் எனக்கு வெளியுலகம். இதைச் சரிசெய்யும் வழியை எழுது. ஒப்பந்தம் அப்படியே இருக்கிறது. நான் இன்னும் தோற்கவில்லை.

உன் அம்மா,
வினோலியா ராஜப்பா


கிருஷ்ணராஜபுரம்
14 ஜூன் 2023

அன்புள்ள அம்மாவுக்கு,

பெருமாள் தவறான பக்கம் அமுக்கியிருக்கிறார். முன்பே அங்கே கொஞ்சம் தாமதம் இருந்திருக்கும், அதைக் கூட்டிவிட்டார். அந்த ஆடியோ டிலே சவுண்ட் செட்டிங்கிலேயே கடைசியில் இருக்கும். ஒரு கோடும் அதன் மேல் ஒரு புள்ளியும் தெரியும். இடப்பக்க அம்புக்குறியை அமுக்கிக்கொண்டே வந்தால் புள்ளி நகர்ந்து பூஜ்யத்துக்கு வரும். அவசரப்படாமல் ஒவ்வொரு அமுக்கலாகப் பாருங்கள். செய்தி வாசிப்பவர் திரையில் இருக்கும்போது செய்தால் சரியான இடம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

இதை எழுதும்போது அப்பா ஞாபகம். தங்கச் சுரங்கத்தில் பூமிக்கடியில் வெடி வைத்து வைத்து அவருக்குக் காது போன பிறகு நம் வீட்டில் யாரும் உள்ளிருந்து வெளியே கூப்பிட்டதில்லையே. நேரே முன்னால் போய் நின்று, மேசையைத் தட்டி, அவர் நிமிர்ந்த பிறகுதான் பேசுவோம். சுரங்கக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கிற நம் லைனில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் அனிலிடமும் அதையே செய்தேன். “போலீஸ் மாதிரி எதற்கு எதிரில் வந்து நிற்கிறாய்” என்று சிரித்தார். பிறகு எனக்குப் பழக்கம் விட்டுப்போயிற்று.

அறைக்கு வர்ணம் அடித்தாயிற்று. உங்களை வற்புறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆள் வந்தான், அடித்தான்.

இந்த வாரம் ஞாயிறும் வேலை. கண் எரிகிறது. நிறுத்திக்கொள்கிறேன்.

அன்பு


சாம்பியன் ரீப்ஸ்
ஞாயிறு, 18 ஜூன் 2023

அன்புள்ள அன்புச்செல்விக்கு,

வெற்றி.

புள்ளியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். வரும் வழியிலேயே வித்தியாசம் தெரிந்தது. இப்போது அந்தப் பெண் ‘பெங்களூரு’ என்று சொல்ல உதட்டை ஒட்டிப் பிரிக்கிற அதே நேரத்தில் ‘பெ’ வருகிறது. ‘முதலமைச்சர்’ என்றால் ‘மு’ உதட்டோடு சேர்ந்து வருகிறது. ஒரு சொல் தவறாமல் கேட்டேன். பாலம், மழை, விலைவாசி, கிரிக்கெட் எல்லாம் கேட்டேன். கிரிக்கெட்டில் எனக்கு அக்கறை இல்லை, ஆனாலும் கேட்டேன்.

பாப்பம்மாவிடம் இப்போது எப்படி என்றேன். “மொதல்லயும் இப்டிதாங்க்கா இருந்தது” என்கிறாள். அவளுக்கு நல்ல காது என்று சொல்வதற்கில்லை.

ஆகவே குற்றம் பாக்சினுடையது. ஒப்பந்தப்படி நான் இங்கேயே இருக்கிறேன். உனக்கு வருத்தமாக இருக்கும், தெரிகிறது. ஆனால் என் காதைப் பற்றி உன் ஆபீசிலும் அனிலின் வீட்டாரிடமும் சொல்லியிருப்பாய். அதை நீயே திருத்திச் சொல்லிவிடு. இல்லாத குறையோடு என் பேர் அடிபடுவதை நான் விரும்பவில்லை.

உன் கையெழுத்து மோசமாகிக்கொண்டு வருகிறது. ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

உன் அம்மா,
வினோலியா ராஜப்பா


கிருஷ்ணராஜபுரம்
20 ஜூன் 2023

அன்புள்ள அம்மாவுக்கு,

டிவி சரியானதில் சந்தோஷம்.

ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். அந்தப் பேச்சை இனி எடுக்க மாட்டேன். உங்கள் காதைப் பற்றி அனிலைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. அவரிடம் திருத்திச் சொல்லிவிட்டேன். அறையைச் சும்மா வைத்திருக்க வேண்டாம் என்று அவர் தன் ஆபீஸ் மேசையை அங்கே கொண்டுபோகிறார்.

மாதம் ஒரு முறை வருவேன். வர முடியாத மாதமும் இருக்கும். போன் மட்டும் எப்போதும் கையருகில் இருக்கட்டும், அம்மா. அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

அன்பு


சாம்பியன் ரீப்ஸ்
ஞாயிறு, 9 ஜூலை 2023

அன்புள்ள அன்புவுக்கு,

பல நாளாக எழுதவில்லை. வியாழக்கிழமை எழுதி ராஜ்குமாரிடம் கொடுத்துவிட்டு, அவர் தெருமுனை தாண்டுவதற்குள் ஆள் அனுப்பித் திரும்ப வாங்கிக்கொண்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத வேண்டியது கைக்கு வரவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

போன செவ்வாய் மாலை செய்தி நடந்துகொண்டிருக்கும்போது டிவியில் படம் மட்டும் போய்விட்டது. கண்ணாடி கறுப்பாக நின்றது. சவுண்ட் பார் பாக்ஸோடு நேராக இணைந்திருப்பதால் சத்தம் நிற்கவில்லை. பாப்பம்மாவுக்குக் கவலையே இல்லை. “படம் போனா இன்னாக்கா, அதான் பேசறாங்களே” என்று காலை நீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் முகத்தைச் சுளித்துத் தலையை ஆட்டினாள். யாருக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. வால்யூமை ஏற்றினேன். ஏற்ற ஏற்ற, புரியாதது பெரிதாயிற்று. தகரத்தில் ஜல்லி கொட்டுகிற மாதிரி இருந்தது. அதில் ஒரு சொல் இல்லை. அதே பெண், அதே குரல்தான். முகம் மட்டும்தான் இல்லை.

சுரங்க ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவள் நான். சரிபார்க்காமல் எதையும் மேசைக்கு அனுப்பியதில்லை. மறுநாள் பாப்பம்மாவைக் கூப்பிட்டு, நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, பின்னால் நின்று எதையாவது சொல், நான் திருப்பிச் சொல்கிறேன் என்றேன். முதுகுக்குப் பின்னால் ஏதோ முனகல் கேட்டது. காத்திருந்தேன். மறுபடி முனகல். திரும்பிப் பார்த்தால் அவள் தவித்துக்கொண்டு நிற்கிறாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

“அடுப்புல பால் வெச்சிட்டு வந்துட்டங்க்கா, போய் எறக்கிட்டு வரட்டுமான்னு கேட்டேன்.”

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. நானும் போய்த் துடைத்துக் கொடுத்தேன். துடைத்துக்கொண்டே, இது உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டேன். அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு என் எதிரில் வந்தாள்.

“லைனுக்கே தெரியுங்க்கா. அதான் எல்லாரும் உங்க முன்னால வந்து நின்னு பேசறோம். உங்க வூட்டு அண்ணன் இருந்தப்போ அவருக்குப் பேசுவோமே, அப்டி.”

அன்பு, இந்த லைனில் காய்காரி கூடையை இறக்கிவிட்டு நேராக நின்றுதான் எனக்கு விலை சொல்வாள். ராஜ்குமார் சைக்கிளில் போகிறபோது நிறுத்தி, இறங்கி, எதிரில் வந்துதான் “வரேங்க” என்பார். இதெல்லாம் டைப்பிஸ்ட் அம்மாவுக்குக் காட்டுகிற மரியாதை என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

உன் அப்பாவுக்குக் காது போன பிறகு, கத்திவிடுவோமோ என்ற கூச்சத்தில் அவர் குரலை அடக்கியே பேசுவார். பாதி நேரம் உதடு மட்டும்தான் அசையும். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பழக்கம். பிறகு யார் பேசினாலும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. காது எப்போது வேலையை விட்டது என்பது எனக்கே தெரியவில்லை.

இனி ஒப்பந்தம். குற்றம் பாக்சினுடையது அல்லது காதினுடையது என்று எழுதினேன். இரண்டினுடையதுமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. மற்றவர்களுக்குத் தாமதம் ஒரு தொந்தரவாகவே தெரியவில்லை. எனக்கு மட்டும்தான் அதனால் எல்லாம் போயிற்று. பாக்ஸ் சரியாகிவிட்டது என்பதைக் காட்டி நான் இங்கே இருந்துகொள்ளலாம். நீயும் ஒப்புக்கொண்டுவிட்டாய். ஆனால் அது அழகல்ல.

ஆகவே வருகிறேன். அனில் மேசையை எடுக்க வேண்டாம். ஓரமாக ஒரு கட்டில் போதும். நான் வர வேண்டிய நாள் எது என்று மட்டும் எழுது.

உன் அம்மா,
வினோலியா ராஜப்பா


கிருஷ்ணராஜபுரம்
11 ஜூலை 2023

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பிளாட்பாரத்திலேயே படித்தேன். படித்து முடித்தபோது அடுத்த ரயிலும் வந்து போயிருந்தது.

முதலில் சந்தோஷப்பட்டேன். மறைக்க விரும்பவில்லை. அம்மா வந்துவிடுவாள், இனி போன் அடித்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளாது என்று நினைத்தேன். அனிலுக்குப் போன் செய்து கட்டிலைப் பற்றிக்கூடச் சொல்லிவிட்டேன்.

நேற்று மாலை வீட்டில் நாங்கள் எப்படிப் பேசுகிறோம் என்று கவனித்துப் பார்த்தேன். நான் அடுப்படியிலிருந்து கேட்டேன். அவர் பால்கனியிலிருந்து பதில் சொன்னார். சாப்பிடும்போது அவர் தன் போனைப் பார்த்துக்கொண்டு ஒன்று சொன்னார், நான் என் போனைப் பார்த்துக்கொண்டு ஒன்று சொன்னேன். தூங்கப் போகும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சண்டை எதுவும் இல்லை, அம்மா. எங்கள் பழக்கம் இது. எதிர் பிளாட்டில் இருப்பவரை லிப்டில் மட்டும்தான் பார்ப்பேன். அவர் லிப்ட் கதவைப் பார்த்துக்கொண்டே நலம் விசாரிப்பார்.

இங்கே உங்களை உட்கார வைத்தால் எனக்கு நிம்மதிதான். நீங்கள் ஒரு சொல்லும் கேட்காமல் அந்த அறையில் இருப்பீர்கள். அங்கே ஒரு லைனே உங்கள் முன்னால் வந்து நிற்கிறது. அதை விட்டுவிட்டு வாருங்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொல்ல ஆசையாக இருக்கிறது. இந்தக் காகிதம் மூன்றாவது, முதல் இரண்டிலும் வாருங்கள் என்றுதான் எழுதினேன்.

வர வேண்டாம், அம்மா. உங்கள் வாக்கை நான் திருப்பித் தருகிறேன்.

ஆனால் சனிக்கிழமை ராபர்ட்சன்பேட்டையில் காது டாக்டரிடம் போகிறோம். ஆடிட் முடிகிறது, காலை ரயிலில் வந்துவிடுவேன். அவர் மிஷின் மாட்டச் சொன்னால் மாட்டிக்கொள்ள வேண்டும். அதுவரை நான் போனில் முகம் தெரிகிற மாதிரி கூப்பிடுகிறேன். இத்தனை நாள் அது எனக்குத் தோன்றவில்லை. காதில் வைத்துக் கத்திக்கொண்டிருந்தேன்.

அன்பு


சாம்பியன் ரீப்ஸ்
12 ஜூலை 2023

அன்புள்ள அன்புவுக்கு,

வாக்கைத் திருப்பிக் கேட்டவள் நான் இல்லை. நீயே கொடுத்தபோது வேண்டாம் என்று வாதாடவும் எனக்குத் தெம்பில்லை. வாங்கிக்கொண்டேன்.

டாக்டரிடம் வருகிறேன். மிஷின் என்றால் மிஷின். சதை நிறத்தில் பூசி ஒளித்து வைக்கிற மாதிரி வேண்டாம், தெரிகிற மாதிரியே இருக்கட்டும். லைனில் எல்லோருக்கும் தெரிந்ததை ஒளிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மதியத்துக்குக் கத்தரிக்காய்க் குழம்பு வைக்கிறேன். பாப்பம்மாவும் சாப்பிட வருவாள், உன்னைப் பார்க்க வேண்டுமாம்.

சனிக்கிழமை வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்காதே. கதவைத் தாழ் போடாமல் வைத்திருப்பேன். நேராக உள்ளே வா.

அம்மா